நிஸான் ஆர்பி26 டர்போ எஞ்சின்: கேள்வி பதில்

ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரில் வந்த ஆர்பி26டிஇடிடி எஞ்சினைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. இந்த எஞ்சினின் அடிப்படை அளவுகளைச் சொல்லுங்கள். 2 லிட்டர், 2.5 லிட்டர், 3 லிட்டர் என்றுதான் பொதுவாகக் கேள்விப்படுகிறோம். 2.6 லிட்டர் என்பது எங்கிருந்து வந்தது?

ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த எஞ்சின் இது. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம், இரண்டு கேம்ஷாஃப்ட், 24 வால்வுகள். சிலிண்டரின் விட்டம் 86 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 73.7 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 2568 சி.சி., கம்ப்ரஷன் விகிதம் 8.5:1. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகக் காற்றை உள்ளே விடும் ஒரு த்ராட்டில் உண்டு; ஒரே அளவுள்ள இரண்டு சிறிய டர்போக்களில் ஒன்று முன் மூன்று சிலிண்டர்களாலும் மற்றது பின் மூன்று சிலிண்டர்களாலும் சுழற்றப்படுகின்றன. 1989 முதல் 2002 வரை ஆர்32, ஆர்33, ஆர்34 என்னும் மூன்று தலைமுறை ஜிடி-ஆர் கார்களிலும் இதுவே இருந்தது.

கொள்ளளவை முடிவு செய்தது பந்தய விதிப்புத்தகம். சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட அன்றைய குரூப் ஏ பந்தயங்களில் டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்கி, வரும் எண்ணை வைத்துத்தான் காரை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தீர்மானித்தார்கள். 2568-ஐ 1.7 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 4366 வருகிறது. அதாவது 4500 சி.சி. பிரிவுக்குள் அடங்கிவிடுகிறது. நான்கு சக்கர இயக்கத்தால் கூடிய எடையைச் சமாளிக்கப் பெரிய எஞ்சின் தேவைப்பட்டதால் அந்தப் பிரிவையே இலக்காக வைத்தார்கள். 1990 முதல் 1993 வரை ஜப்பானிய டூரிங் கார் தொடரில் ஓடிய 29 பந்தயங்களையும் ஆர்32 வென்றதைப் பார்த்தால், அந்தக் கணக்கு தப்பவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கேள்வி: மூன்று தலைமுறைகளிலும் 280 பிஎஸ் (குதிரைத்திறன்) என்றே போட்டிருக்கிறார்களே, பதிமூன்று ஆண்டுகளில் எதுவும் மாறவில்லையா?

மாறியது, காகிதத்தில் மட்டும் மாறவில்லை. எந்தக் காருக்கும் 280 பிஎஸ்ஸுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன. அதனால் உண்மையான வளர்ச்சியை டார்க் (முறுக்கு விசை) எண்ணில்தான் தேட வேண்டும்: ஆர்32-இல் 353 நியூட்டன் மீட்டர், ஆர்33-இல் 368, ஆர்34-இல் 392.

கேள்வி: என்னிடம் இருப்பது தொடக்ககால ஆர்32. ஆயில் பம்ப் உடைந்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். சாதாரணமாகச் சாலையில் ஓட்டுபவருக்கும் இந்த ஆபத்து உண்டா?

உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. இந்த எஞ்சினில் ஆயில் பம்ப், பிஸ்டன்களால் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்டின் முன்முனையில் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது; பம்பின் உள் பல்சக்கரத்தைக் கிராங்கின் மேல் சீவப்பட்ட தட்டையான பகுதி பிடித்துச் சுழற்றுகிறது. தொடக்ககால ஆர்32 கிராங்குகளில் அந்தத் தட்டையான பகுதியின் நீளம் குறைவு. பல்சக்கரத்தின் முழு அகலத்தையும் தாங்காமல் ஓரத்தை மட்டுமே தாங்குவதால், சுமை முழுவதும் சிறிய இடத்தில் விழுந்து அங்கே விரிசல் தொடங்குகிறது. பிந்தைய ஆர்32 தயாரிப்புகளிலும் ஆர்33 முதலும் இந்தப் பகுதியை அகலப்படுத்திவிட்டார்கள்.

வேகமாகச் சுழல்வதால் மட்டும் பம்ப் உடைவதில்லை. எஞ்சின் வேகத்தை ஓர் எல்லையில் வெட்டும் ரெவ் லிமிட்டரில் முட்டி முட்டி ஓட்டும்போது சுழற்சி வேகம் ஒரு நொடிக்குள் பலமுறை ஏறி இறங்குகிறது. அந்த அதிர்வுதான் பல்சக்கரத்தைச் சுத்தியலால் அடிப்பதுபோல் தாக்குகிறது. கிராங்க் முனையில் அதிர்வை உறிஞ்சும் டாம்பர் புல்லியின் ரப்பர் காய்ந்து வலுவிழந்திருந்தால் இது இன்னும் மோசமாகும். ஆகவே லிமிட்டரைத் தொடாமல் ஓட்டுபவர், டாம்பர் நல்ல நிலையில் இருந்தால், உடனே எஞ்சினைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் வேறு எந்தக் காரணத்துக்காகவாவது எஞ்சின் வெளியே வந்தால், கிராங்க் முனையில், தட்டையான பகுதியை நீட்டும் காலர் ஏற்றி, வலுவான பல்சக்கரம் உள்ள பம்பைப் பொருத்தாமல் அதை உள்ளே வைக்காதீர்கள். பந்தயத்துக்கான என்1 வகை ஜிடி-ஆரின் பம்ப் போட்டுவிட்டால் போதும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதில் ஆயில் ஓட்டம் அதிகம் என்பது உண்மை, பல்சக்கரம் உடையாது என்பது உண்மையன்று.

கேள்வி: பந்தயத் தடத்தில் ஓட்டினால் ப்ரீதர் (எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் குழாய்) வழியாக ஆயில் கொட்டுகிறது, பின்னால் நீலப் புகையும் வருகிறது. பிஸ்டன் ரிங் போய்விட்டதா?

ரிங்கைக் குறை சொல்வதற்கு முன் ஹெட்டைப் பாருங்கள். 6000 ஆர்பிஎம்முக்கு மேல் தொடர்ந்து ஓடும்போது பம்ப், ஹெட்டுக்குத் தேவைக்கு மேல் ஆயிலை அனுப்புகிறது; மேலே போன ஆயில் கீழே இறங்குவதற்கான துளைகளோ சிறியவை. அதோடு, சிலிண்டரிலிருந்து கசியும் வாயு அதே துளைகள் வழியாக மேலே ஏற முயல்வதால், இறங்கும் ஆயில் பாதி வழியில் தடுக்கப்படுகிறது. இதனால் வால்வு கவருக்குள் ஆயில் தேங்கி, ப்ரீதர் வழியாக இன்டேக்குக்குள் போய்ப் புகையாகிறது. புகையைவிடப் பெரிய ஆபத்து, மேலே தேங்கிய ஆயில், எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் இல்லாமல் போவதுதான். நீண்ட வளைவில் பிக்கப் குழாய் ஒரு கணம் காற்றை உறிஞ்சினாலே, பிஸ்டன்களைக் கிராங்கோடு இணைக்கும் பிக் எண்ட் பேரிங்குகளுக்குச் சேதம் தொடங்கிவிடும்.

இதற்குத் தீர்வு மூன்று பகுதிகளாக இருக்கிறது. மூன்றையும் சேர்த்துச் செய்தால்தான் பலன் முழுமையாகக் கிடைக்கும். பிளாக்கிலிருந்து ஹெட்டுக்குப் போகும் ஆயில் வழியில் ஏறத்தாழ 1.5 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் போடுவது முதலாவது. ஹெட்டின் பின்புறத்திலிருந்து சம்ப்புக்குத் தனியாக ஒரு குழாய் அமைப்பது அடுத்தது. வாயு ஏறுவதற்கும் ஆயில் இறங்குவதற்கும் அது கூடுதல் வழி தரும். கடைசியாக, சம்ப்பின் கொள்ளளவைக் கூட்டி, ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்காதபடி உள்ளே தடுப்புத் தகடுகள் வைக்க வேண்டும். முன் டிஃபரன்ஷியல் சம்ப்போடு இணைந்திருப்பதால் அதைக் கழற்றுவது ஒரு நாளில் முடிகிற காரியமாக இருக்காது என்பதை முன்பே கணக்கில் கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆர்பி26-இல், கேம் அழுத்தும்போது வால்வைத் திறக்கும் லிஃப்டர்கள் திடமானவை. ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து இடைவெளி சரிசெய்யும் வகை. அதனால்தான் ஆயிலை இவ்வளவு குறைக்க முடிகிறது. ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள ஆர்பி25 எஞ்சின்களுக்கு இதே அளவை அப்படியே எடுத்துப் போட்டால் லிஃப்டர்கள் தட்டத் தொடங்கிவிடும்.

கேள்வி: கம்பெனி டர்போக்களிலேயே 1.2 பார் பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) வைக்கலாமா? நண்பர் ஒருவர் ஓராண்டாக ஓட்டுகிறார்.

வேண்டாம். கம்பெனி டர்போவில் வெளியேற்ற வாயு சுழற்றும் சக்கரம் செராமிக்கால் ஆனது. எடை குறைவு என்பதால் சட்டென்று சுழலத் தொடங்கும். ஆனால் அதிவேகச் சுழற்சியும் வெப்பமும் சேர்ந்தால், எஃகுத் தண்டோடு ஒட்டப்பட்ட இடத்தில் அந்தச் சக்கரம் விட்டுவிடும். விடுவதற்கு முன் எந்த அறிகுறியும் தராது. ஒரு கணம் பூஸ்ட் இருக்கும், மறுகணம் இருக்காது. 1 பார் என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் சாலினாய்ட் வால்வின் குழாய்க்குள் கம்பெனி வைத்திருக்கும் சிறு ரெஸ்ட்ரிக்டரை எடுத்தாலே, 0.7 பார் அளவிலிருந்து அந்த எல்லைக்கு அருகே வந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஃகுச் சக்கரம் உள்ள டர்போ, பெரிய இன்ஜெக்டர், அவற்றுக்கேற்ற ஈசியூ (எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினி) ட்யூனிங் என்று எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நண்பரின் ஓராண்டு அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அதை அளவுகோலாக எடுத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: ஆறாவது சிலிண்டர்தான் முதலில் போகும் என்பது உண்மையா? 95 ஆக்டேன் பெட்ரோல் போடலாமா?

இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. கூலன்ட் முன்னாலிருந்து பின்னால் வருவதால் பின் சிலிண்டர்கள் சற்று அதிக வெப்பத்தில் வேலை செய்கின்றன. நாக்கிங் (ஆக்டேன் குறைந்த பெட்ரோல் கலவை தானாகவே வெடிப்பது) ஏற்பட்டால் அங்கேதான் முதலில் தாக்கும். வார்ப்பு பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையிலுள்ள மெல்லிய விளிம்பு உடைந்துவிடும். இந்த எஞ்சினின் இக்னிஷன் டைமிங், ஜப்பானில் விற்கப்படும் 100 ஆக்டேன் அளவிலான ப்ரீமியம் பெட்ரோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 95 மட்டுமே கிடைக்கும் இடத்தில், டைமிங்கைப் பின்னிழுத்து ட்யூன் செய்துகொள்ளாமல் முழு பூஸ்ட்டில் ஓட்டாதீர்கள். நாக் சென்சார் இருக்கிறது என்ற தைரியத்தில் விட்டுவிடவும் கூடாது. முப்பது வயதான சென்சாரை நம்பி பிஸ்டனைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனம் அன்று.

கேள்வி: அண்ணா, என் ஆர்33 ஐடிலில் தடுமாறுகிறது, அழுத்தினால் சில நேரம் வெட்டி வெட்டிப் போகிறது. இக்னிஷன் காயில் எல்லாம் மாற்றிவிட்டேன். வேறு என்ன?

காயிலோடு ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியையும் பார்த்தீர்களா தம்பி? கம்பெனி இடைவெளி 1.1 மி.மீ.; பூஸ்ட் கூட்டியிருந்தால் 0.8 ஆகக் குறையுங்கள்.

அதிலும் தீராவிட்டால் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர்களைச் சந்தேகப்படுங்கள். இந்த எஞ்சினுக்கு அவை இரண்டு. எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மீட்டரின் கருப்பு மூடியை மெதுவாகத் தட்டுங்கள், முதலில் ஒன்று, பிறகு மற்றது. எதைத் தட்டும்போது எஞ்சின் ஒலி இறங்குகிறதோ, அதற்குள்ளே சால்டர் இணைப்பு விரிசல் விட்டிருக்கிறது. மூடியைக் கவனமாகத் திறந்து, கனெக்டர் கால்கள் போர்டோடு சேரும் இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால், காலைச் சுற்றி மெல்லிய கருவளையம் தெரியும். அதை மறுபடி சால்டர் செய்தால் போதும். புது மீட்டர் வாங்கத் தேவையில்லை. ஆயில் தடவிய ஏர் ஃபில்டர் போட்டிருந்தால், அந்த ஆயில் மீட்டரின் சூடான கம்பியில் படிந்தும் இதே தொல்லை வரலாம்.

கேள்வி: எந்த கிரேடு ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை?

முழு சிந்தெடிக் 10டபிள்யூ-40. கடுமையாக ஓட்டுபவர்களும் பேரிங் இடைவெளி கூடிய எஞ்சின் உள்ளவர்களும் 50 கிரேடு. 5000 கி.மீ.க்கு ஒரு முறை, பந்தயத் தடத்தில் ஓட்டிய பிறகு கிலோமீட்டர் பார்க்காமல். ஆயில் சூடாகும்வரை 3000 ஆர்பிஎம்மைத் தாண்டாதீர்கள். ஆயிலின் வெப்பம் 120 டிகிரியைத் தாண்டினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டுங்கள்.

கேள்வி: டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது?

1,00,000 கி.மீ. என்பது கம்பெனிக் கணக்கு. குறைவாக ஓடும் கார்களில் ஆண்டுக் கணக்கையும் பாருங்கள். ஐந்தாண்டுக்கு மேல் நம்ப வேண்டாம். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும் எஞ்சின் இது. டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், முன் ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் அதே வேலையில் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பழைய ஜிடி-ஆர் வாங்கப்போகிறேன். எஞ்சினில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கம்ப்ரஷன் சோதனையில் மொத்த எண்ணைவிட ஆறு சிலிண்டர்களும் ஒத்துப்போகின்றனவா என்பதே முக்கியம். 1 பாருக்கு மேல் வேறுபாடு இருந்தால், சிலிண்டரில் காற்று எங்கே கசிகிறது என்று காட்டும் லீக் டவுன் சோதனையும் கேளுங்கள். நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் ஆயில் அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள்; 1000 ஆர்பிஎம்முக்கு 0.7 பார் என்பது பொதுவான கணக்கு. டாஷ்போர்டு மீட்டரின் சென்சார் வயதானதாக இருக்கும் என்பதால் தனி கேஜ் மாட்டிப் பார்ப்பது நல்லது. எவ்வளவு குதிரைத்திறன் என்று விற்பவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு, ஆயில் பம்ப்பும் சம்ப்பும் எப்போது திறக்கப்பட்டன என்பதற்கு ரசீது கேளுங்கள். 600 குதிரைத்திறன் என்று டைனோ (திறனை அளக்கும் இயந்திரம்) தாள் இருந்து, ஆயில் வேலைக்கு ஒரு தாளும் இல்லாத காரை நான் தொடமாட்டேன்.

கேள்வி: டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட்-ஜிடிஇ எஞ்சின் இதைவிட உறுதியானதா?

அதிகத் திறனை அதிகச் செலவில்லாமல் தாங்குவதில் ஆம். 2997 சி.சி. கொள்ளளவும், 86-க்கு 86 என்ற சதுர அளவும் கீழ் ஆர்பிஎம்மிலேயே டார்க் தருகின்றன; ஆயில் பம்ப்பிலும் இந்தத் தலைவலி இல்லை. ஆர்பிஎம் மேலே ஏறும் வேகத்திலும் ஆறு த்ராட்டில்களின் கூர்மையிலும் எனக்கு ஆர்பி26 தான் பிடிக்கும். அது ரசனை, நம்பகத்தன்மைக் கணக்கில் சேராது.

கேள்வி: கார் எட்டு மாதமாக நின்றிருக்கிறது. நேரடியாக ஸ்டார்ட் செய்யலாமா?

செய்யாதீர்கள். இவ்வளவு நாளில் பம்ப்பிலிருந்தும் பேரிங்குகளிலிருந்தும் ஆயில் வடிந்திருக்கும். முதலில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்து, காயில் கனெக்டரையும் கழற்றிவிட்டு, ஆறு பிளக்குகளையும் வெளியே எடுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் சில துளி ஆயில் விட்டு, பெரிய ஸ்பேனரால் கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கும் இறுகக் கூடாது. பிறகு ஸ்டார்ட்டரைப் பத்து நொடி சுற்றுவது, ஒரு நிமிடம் ஓய்வு கொடுப்பது என்று, ஆயில் அழுத்த முள் எழும்வரை செய்யுங்கள். முள் எழுந்த பிறகுதான் பிளக்குகளும் ஃப்யூஸும் உள்ளே போக வேண்டும். பலமுறை சுற்றியும் முள் அசையவில்லை என்றால், ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.