கொழுத்த மட்டக்குதிரைக்கு என்ன தீனி?

கேள்வி: ஆடி மாதம் அந்தியூர் சந்தையில் மகளுக்காக ஒரு மட்டக்குதிரை வாங்கினோம். தரகர் சொன்னபடி தினமும் கொள்ளும் கோதுமைத் தவிடும் வைக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் வெல்லம், பிஸ்கட் கொடுக்கிறார்கள். இப்போது ரொம்பப் பெருத்துவிட்டது. சில நாள் பட்டினி போடலாமா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பட்டினி மட்டும் போடாதீர்கள். கொழுத்த மட்டக்குதிரையின் தீனியைத் திடீரென்று நிறுத்தினால், உடம்பில் சேர்ந்த கொழுப்பெல்லாம் கரைந்து ரத்தத்தில் இறங்கும். கல்லீரல் கெட்டு, சில நாளிலேயே குதிரை செத்துப்போகலாம். பெரிய குதிரையைவிட மட்டத்துக்கு இந்த ஆபத்து அதிகம். சினையாக இருந்தால் இன்னும் அதிகம். 'ஒரு நாள்தானே' என்றுகூட நினைக்க வேண்டாம்.

சரி, எதைக் குறைப்பது? கொள்ளையும் தவிட்டையும் ஒரு வாரத்தில் படிப்படியாக நிறுத்திவிடுங்கள். அவை ரேக்ளா ஓடும் குதிரைக்குப் பொருந்தும். சாயங்காலம் குழந்தையைச் சுமந்து நடக்கும் குதிரைக்குக் காய்ந்த புல்லும் கொஞ்சம் தாது உப்பும் போதும்.

புல்லுக்கும் அளவு உண்டு. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,900-ஆல் வகுத்தால் எடை கிட்டத்தட்ட வந்துவிடும். இரண்டுமே 140 என்றால் 230 கிலோ. அந்த எடைக்கு நாளொன்றுக்கு 4 கிலோ காய்ந்த புல். தராசில் நிறுத்து மூன்று நான்கு வேளையாகப் போடுங்கள்.

வெல்லம், சர்க்கரை, பிஸ்கட், ரொட்டி எதுவும் வேண்டாம். இனிப்பு இன்சுலினை ஏற்றிவிடும். அதனால் குளம்புக்குள் அழற்சி வரும். லேமினைட்டிஸ் என்பது இதுதான். குளம்பு சுடும், முன்னங்காலை ஊன்றாமல் குதிரை பின்பக்கம் சாய்ந்து நிற்கும். பிள்ளைகள் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஒரு கேரட்டை நீளவாக்கில் கீறி டப்பாவில் வையுங்கள். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரு நாளைக்கு அவ்வளவுதான். வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும். கையில் நீட்டும் அருகம்புல்லைக்கூடக் குதிரை ஆசையாகத் தின்னும்.

தரகர் பேச்சை இனிக் கேட்காதீர்கள். சதை இருந்தால்தான் சந்தையில் விலை. அதனால் கொழுக்க வைத்து விற்கிறார்கள். விற்ற பிறகு டானிக் பாட்டிலோடு வந்து நிற்பார்கள். அதைவிட மோசம், மலிவு என்று மாட்டுத் தீவனத்தையும் கோழித் தீவனத்தையும் கைகாட்டுவது. அவற்றில் சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. குதிரைக்கோ கொஞ்சம் போனாலும் இதயம் நின்றுவிடும், மாற்று மருந்தும் கிடையாது. என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் சீட்டே இல்லாத சாக்குமூட்டையிலிருந்து கடைக்காரர் அள்ளிக் கொடுக்கிறார், கேட்க நாதியில்லை. குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் ஊர்ப்பக்கம் கிடைப்பதே அரிது; அந்த இடத்தில்தான் தரகர் வைத்தியம் பார்க்கிறார். எத்தனை வருடமாகத்தான் இதைச் சொல்வது!

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விலாவைத் தடவிப் பாருங்கள். லேசாக அழுத்தினாலே எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். நடுவில் ஒரு வேளை புல்லைத் தொடாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.