நான்கு என்விஎம்இ டிரைவ்: ரெய்டு கார்டு வாங்கணுமா, லினக்ஸே பார்த்துக்கொள்ளுமா?

கேள்வி: பெருங்குடி ஆபீஸில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடும் லினக்ஸ் சர்வர். 3.84 டிபி என்விஎம்இ டிரைவ் (வேகமான எஸ்எஸ்டி வகை) நான்கு. ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் ரெய்டு கார்டு (பல டிரைவுகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று செத்தாலும் டேட்டாவைக் காக்கும் கார்டு) போடச் சொல்கிறார்கள். அவசியமா?

அவசியமில்லை. அந்தப் பணத்துக்கு அதே மாடலில் ஐந்தாவது டிரைவ் ஒன்று வாங்கி ஸ்பேராக வையுங்கள்.

சுழலும் டிஸ்க் இருந்தபோது கார்டில் உள்ள கேஷ் (தற்காலிக மெமரி) பெரிய உதவி. என்விஎம்இ-க்கு அந்தக் கார்டே முட்டுக்கட்டை. ஜென் 4 (பிசிஐஇ இணைப்பின் நான்காம் தலைமுறை) டிரைவ் ஒன்று நொடிக்கு 7 ஜிபி வரை படிக்கும், நான்கும் சேர்ந்தால் 28. எட்டு லேன் (டேட்டா போகும் பாதை) உள்ள ஜென் 4 கார்டு வழியாக 16-க்கு மேல் போகவே போகாது. நேராக போர்டில் சொருகினால் ஆளுக்கு நான்கு லேன். ஆனால் போர்டைப் பார்த்து வாங்குங்கள்: டெஸ்க்டாப் போர்டில் சில ஸ்லாட்டுகள் சிப்செட் வழியாக ஒரே பாதையைப் பங்குபோடும்.

லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டு கருவியான எம்டிஏடிஎம்-இல் ரெய்டு 10 போடுங்கள்: ஒவ்வொரு ஜோடி டிரைவிலும் ஒரே டேட்டா இருக்கும். 7.68 டிபி கிடைக்கும். இடம் மிச்சம் என்று ரெய்டு 5 பக்கம் போகாதீர்கள். அதில் ஒரு சின்ன மாற்றத்தை எழுதவும் பழைய டேட்டாவையும் பாரிட்டியையும் (செத்த டிரைவின் டேட்டாவை மீட்க வைக்கும் கணக்கு) படித்து, இரண்டையும் திருப்பி எழுத வேண்டும். நடுவில் கரண்ட் போனால் பாரிட்டி பொருந்தாமல் நிற்கும். பின்னால் ஒரு டிரைவ் செத்தால் அந்த இடத்தில் தப்பான டேட்டா வரும்.

யுபிஎஸ் இருந்தாலும், பவர் லாஸ் புரொடெக்ஷன் கெப்பாசிட்டர் (கரண்ட் போனாலும் கையிலுள்ளதை எழுதி முடிக்கச் சக்தி தருவது) உள்ள டிரைவ்தான் வாங்க வேண்டும். அது இல்லாத டிரைவில் ஒவ்வொரு கமிட்டும் (டேட்டாபேஸ் மாற்றத்தை உறுதிசெய்யும் படி) ஃபிளாஷில் எழுதி முடியும்வரை காத்திருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் டேட்டாபேஸில் கிடைக்காதது இதனால்தான்.

செத்த டிரைவுக்குப் பதிலாக வந்த புதியதில் டேட்டாவை நிரப்பும் ரீபில்டு வேகத்துக்கு லினக்ஸ் வைத்திருக்கும் உச்சவரம்பு நொடிக்குச் சுமார் 200 எம்பி. அப்படியே விட்டால் 3.84 டிபிக்கு ஐந்து மணி நேரம் தாண்டும், அதுவரை ஒரு ஜோடி ஒற்றைக்காலில் நிற்கும். இந்த வரம்பை வைக்கும் 'ஸ்பீடு லிமிட் மேக்ஸ்' மதிப்பை 20,00,000 (கேபி கணக்கில்) ஆக்கினால், டிரைவ் தாங்கும் பட்சத்தில் அரை மணி நேரத்தில் முடியும். அந்த நேரம் குவெரிகள் மந்தமாகும்.

கார்டு செத்தால் பெரும்பாலும் அதே குடும்பத்துக் கார்டைத் தேட வேண்டும். எம்டிஏடிஎம் சேர்த்த டிரைவ் தொகுப்பை எந்த லினக்ஸ் மெஷினில் போட்டாலும் எழுப்பலாம். லினக்ஸுக்குப் பதில் ஈஎஸ்எக்ஸ்ஐ (விஎம்வேரின் விர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேர்) போடுவதாக இருந்தால் மட்டும் பேச்சே வேறு. அதில் சாஃப்ட்வேர் ரெய்டு கிடையாது, கார்டு வேண்டும். கார்டின் கேஷைக் காக்கும் பேட்டரி கெட்டால் கார்டு ரைட்-த்ரூவுக்கு (கேஷில் நிறுத்தாமல் நேராக டிரைவில் எழுதும் முறை) இறங்கி எழுதும் வேகம் விழும், அதையும் கண்காணியுங்கள்.

பூட் பார்ட்டிஷனை இரண்டு டிரைவிலாவது போட்டு வையுங்கள். ரீபூட்டுக்குப் பிறகு டிரைவ் பெயர்கள் இடம் மாறலாம். அதனால் டிரைவ் சொருகும் ஒவ்வொரு இடத்திலும் அதன் சீரியல் நம்பரை எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் செத்ததை விட்டுவிட்டு நல்லதை உருவிவிடுவீர்கள். லைவ் போகும் முன் ஒரு டிரைவைக் கழற்றி, எச்சரிக்கை மெயில் வருகிறதா, ஸ்பேர் தானாக உள்ளே ஏறுகிறதா என்று பாருங்கள். பேக்கப் வேறு மெஷினில் இருக்கட்டும்.