கால்குலஸில் 43 வாங்கியவள் எம்.எஸ்சி. புள்ளியியல் கேட்கலாமா?

வணக்கம் அம்மா.

நீங்கள் அனுப்பிய உங்கள் மகளின் நான்கு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் பார்த்தேன். புள்ளியியல் பாடம் எதிலும் எழுபதுக்குக் கீழே போகவில்லை. கால்குலஸில் 43, ரியல் அனாலிசிஸில் (கால்குலஸின் அடிப்படைகளை நிரூபணத்தோடு படிக்கும் பாடம்) ஒரு அரியர், மறுபடி எழுதி 46. இதை வைத்துக்கொண்டு மேல்படிப்புக்கு எங்கே போவது, பேசாமல் பி.எட். சேர்த்துவிடட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம், அவசரப்படாதீர்கள்.

நேற்று அவளுக்கு ஒரு கணக்கு கொடுத்தேன். எக்ஸ், ஒய் என்ற இரண்டு எண்களும் 0-க்கும் 1-க்கும் நடுவில். எக்ஸ் எப்போதும் ஒய்-யைவிடச் சிறியது. கூட்டு அடர்த்தி, அதாவது இரண்டின் நிகழ்தகவும் சேர்ந்து பரவியிருக்கும் அளவு, எங்கும் 2. இரண்டின் கூட்டுத்தொகை 1-க்குள் இருக்க நிகழ்தகவு என்ன? சூத்திரத்தைத் தடுமாறாமல் எழுதினாள். தொகையிடலில் (இன்டெக்ரேஷன்) எக்ஸின் எல்லையை 0 முதல் 1 வரை போட்டாள். விடை பூஜ்யம் வந்தது. படம் வரையச் சொன்னேன். முக்கோணத்தை வரைந்ததுமே, எக்ஸ் அரையோடு நின்றுவிடுகிறது என்று அவளே சொன்னாள். சரியான விடை அரை. அவளுக்குப் புள்ளியியல் தெரிகிறது. எல்லை போடுவதிலும், தொடர், வரிசை பற்றிய கேள்விகளிலும்தான் சறுக்குகிறாள். இந்த ஓட்டையை ஆறேழு மாதத்தில் அடைத்துவிடலாம்.

பழைய மார்க்கை அழிக்க முடியாது. அதற்குப் பிறகு அவள் கணக்கைப் பிடித்துவிட்டாள் என்பதற்குச் சாட்சி வேண்டும். அதற்கு நம் நாட்டில் நல்ல வழி நுழைவுத் தேர்வுதான். ஐஐடி பம்பாய், கான்பூர் போன்ற இடங்களில் எம்.எஸ்சி. புள்ளியியலுக்கு ஜாம் என்ற பொது நுழைவுத் தேர்வு, பிப்ரவரியில் நடக்கும். மேத்தமேட்டிக்கல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தாளில் 60 கேள்வி, 100 மார்க், மூன்று மணி நேரம். அதில் 30 மார்க்குக்கு வரும் 20 கேள்விகளுக்கு ஆப்ஷனே கிடையாது. விடையை எண்ணாக டைப் செய்ய வேண்டும், தப்பானாலும் மார்க் கழிக்க மாட்டார்கள். அந்த 30 மார்க்கில்தான் படம் வரையும் பழக்கம் கைகொடுக்கும். தரவரிசை இந்தத் தேர்வு மார்க்கில்தான். ஆனாலும் டிகிரியில் என்னென்ன பாடம், எவ்வளவு சதவீதம் கேட்கிறார்கள் என்பதை ஒவ்வொரு நிறுவனத்தின் அறிவிப்பிலும் படித்துவிட்டே விண்ணப்பியுங்கள். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.ஸ்டாட் (புள்ளியியல் முதுநிலைப் படிப்பு) நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். அதில் ஒரு தாள் விரிவாக எழுதும் தாள். ரியல் அனாலிசிஸில் பலம் இல்லாமல் தேறுவது கடினம். அதை இரண்டாவது இலக்காக வையுங்கள்.

ஐஐடிகள் நடத்தும் இணைய வகுப்பான என்பிடெல்லில் நேரியல் இயற்கணிதம் (லீனியர் அல்ஜீப்ரா), ரியல் அனாலிசிஸ் இரண்டில் ஒன்றைத் தேர்வு மையத்துக்குப் போய் எழுதி முடிக்கட்டும். வீடியோ பார்ப்பது மட்டும் போதாது. சான்றிதழ் மார்க்கில் 75 சதவீதம் அந்தத் தேர்வுக்குத்தான்.

அமெரிக்கா பற்றியும் கேட்டீர்கள். அங்கே பல துறைகள் இப்போது ஜிஆர்இ என்ற பொதுத் தகுதித் தேர்வைக் கேட்பதில்லை. அதனால் கால்குலஸ், நேரியல் இயற்கணித மார்க்கைக் கூர்ந்து பார்ப்பார்கள். ஜிஆர்இ கணிதப் பகுதியில் கால்குலஸே வராது. அதில் 170 எடுத்தாலும் இந்த 43-க்கு அது பதிலாகாது. இப்போதைக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பேன்.

விண்ணப்பத்தோடு நோக்க அறிக்கை (ஏன் படிக்க விரும்புகிறாள் என்று எழுதுவது) கேட்டால், அதில் அரியரைப் பற்றி இரண்டு வரி போதும்: என்ன நடந்தது, பிறகு என்ன செய்தாள். வீட்டுக் கஷ்டத்தை ஒரு பக்கத்துக்கு எழுத வேண்டாம். அப்புறம், பரிந்துரைக் கடிதத்தை துறைத்தலைவர் என்பதற்காக அவரிடம் கேட்காதீர்கள். ரியல் அனாலிசிஸை இரண்டாம் முறை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மேடம் இருக்கிறாரே, அவர்தான் எழுத வேண்டும். அவள் விழுந்ததையும் எழுந்ததையும் நேரில் பார்த்தவர் அவர்.

ஒரு வேண்டுகோள் அம்மா. சாப்பாட்டு நேரத்தில் அந்த 43-ஐப் பற்றிப் பேசாதீர்கள். நேற்று என்னிடம் பேசும்போது, கணக்கைத் தொடங்கும் முன்பே மூன்று முறை "எனக்கு வராது சார்" என்றாள். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இதே மாதிரி பத்துக் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் படத்தோடு, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தப்பாக இருந்தாலும் அனுப்பட்டும். எங்கே சறுக்கினாள் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.