கிளிப் கழற்றியாச்சு, அப்புறம்?

பல் டாக்டரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் மகளுக்கு 2 வருடம் பல்லில் கிளிப் போட்டு, போன ஆடியில் கழற்றினோம். பல் மறுபடி நகராமல் இருக்க, கண்ணாடி மாதிரித் தெளிவான ரிடெய்னர் என்கிற தகட்டைக் கொடுத்தார்கள். வாடை வருகிறதே என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன், இப்போது பல்லில் உட்கார மாட்டேன் என்கிறது. அழுத்திப் போட்டால் படிந்துவிடுமா? இதை எத்தனை நாள்தான் போட வேண்டும்?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பால் புட்டியைக் கொதிக்க வைத்துப் பழகிய கை, உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தகடு செய்யப்பட்டதே சூட்டில்தான். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, இளகியதும் பல் அச்சின் மேல் வைத்துக் காற்றை உறிஞ்சினால் அச்சோடு அச்சாகப் படிந்துவிடும், அதுதான் ரிடெய்னர். மறுபடி சூடு பட்டால் மறுபடி இளகும், இந்தத் தடவை படிய அச்சு இல்லை என்பதால் தன் இஷ்டத்துக்குக் கோணிக்கொள்ளும். வெயிலில் நிற்கிற காருக்குள் வைத்தாலும் இதே கதிதான்.

அழுத்திப் போடாதீர்கள். கோணிய தகடு பல்லையும் தன் கோணலுக்குத் தள்ளும். இந்த வாரமே கிளிப் போட்ட டாக்டரிடம் போய் புது அளவு எடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டால், பல் நகர்ந்த இடத்துக்குத்தான் அளவு எடுக்க வேண்டியிருக்கும்.

எத்தனை நாள் என்றால், கிளிப்பில் நகர்த்திய பல்லைச் சுற்றி எலும்பு இறுகவும், பல்லையும் எலும்பையும் பிணைக்கிற நார் சீராகவும் 3, 4 மாதம் ஆகும். ஈறுக்குள் இருக்கிற மீள் நார்கள் அதைவிடப் பிடிவாதம், இழுத்த ரப்பர் மாதிரி பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும், அடங்க 1 வருடம், சிலருக்கு அதற்கு மேலும். அதனால்தான் முதல் 3 முதல் 6 மாதம் வரை சாப்பிடவும் பல் தேய்க்கவும் மட்டும் கழற்றச் சொல்வோம், பிறகு ராத்திரிக்கு மட்டும். சில டாக்டர்கள் ஆரம்பத்திலிருந்தே ராத்திரி மட்டும் போதும் என்பார்கள், அதுவும் தப்பில்லை, மகளின் பல்லைப் பார்த்தவர் சொன்னதே கணக்கு. ராத்திரி போடுவதற்குக் கடைசித் தேதி என்று எதையும் நான் சொல்வதில்லை. கிளிப்பே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்கும். சந்தேகமானால் உங்கள் கல்யாண போட்டோவை எடுத்துவைத்துக்கொண்டு கண்ணாடியில் ஒரு தடவை சிரித்துப் பாருங்கள்.

கேள்வி: கல்யாண வீட்டுப் பந்தியில் ரிடெய்னரைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி இலை ஓரத்தில் வைத்தேன், இலையோடு போய்விட்டது. இது இரண்டாவது தடவை. வீட்டில் சொல்லவில்லை. 3 வாரம் ஆகிறது, ஏதாவது ஆகுமா?
– ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, ஆக ஆரம்பித்திருக்கும். முதலில் வீட்டில் சொல்லுங்கள், புது ரிடெய்னர் செலவு ஒரு நாள் திட்டோடு போகும், மறுபடி கிளிப் போடுவதென்றால் சும்மா போகாது. நானும் படிக்கிற காலத்தில் ஹாஸ்டலில் போடாமல் விட்டவன்தான், கீழே ஒரு பல் இன்றைக்கும் திரும்பித்தான் நிற்கிறது. இனிமேல் வாயில் இல்லையென்றால் டப்பாவில், டப்பா இல்லாமல் பந்திக்குப் போகாதீர்கள். வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள், எச்சில் வாசனைக்கே கடித்துத் துப்பிவிடும்.

கேள்வி: ரிடெய்னரில் வெள்ளையாகக் கறை படிகிறது, மஞ்சளும் ஏறிவிட்டது. பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: வேண்டாம், பேஸ்ட்டில் இருக்கிற பொடி கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், அந்தக் கீறலில்தான் அழுக்கும் வாடையும் குடியேறும். கழற்றின உடனே, எச்சில் காய்வதற்குள், பச்சைத் தண்ணீரில் மெத்தென்ற தனி பிரஷ் வைத்து, வேண்டுமானால் ஒரு சொட்டு கைகழுவும் சோப்பு விட்டுத் தேய்த்தாலே போதும். வெள்ளைப் படிவு எச்சிலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து, பல்லில் காரை கட்டுவது போலத்தான். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்துப் பாருங்கள். செட்டுப் பல் ஊறவைக்கிற மாத்திரையும் மருந்துக்கடையில் கிடைக்கும். பிளீச்சிங் பவுடர் பக்கம் போகவே வேண்டாம். மஞ்சள் ஏறியிருக்கிறது என்றால் போட்டுக்கொண்டே சாம்பார் சாதம் சாப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம்! தண்ணீர் தவிர எதற்கும் கழற்றுங்கள். இனிப்புப் போட்ட காபியைப் போட்டபடியே குடித்தால் அது தகட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் தங்கி, எச்சில் கழுவ வழியில்லாமல் பல்லைச் சொத்தையாக்கும்.

கேள்வி: கிளிப் கழற்றியதும் பல் நகராமல் இருக்கக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் ஒட்டிய கம்பி ஒரு பக்கம் விட்டுவிட்டது, வலி இல்லை. அப்படியே விடலாமா? ஞானப்பல் முளைக்கிறது, அது தள்ளித்தான் முன்பல் கோணும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, கோவை

பதில்: வலி வராது, அதுதான் அதில் சிக்கலே. பிடி விட்ட பல் சத்தமில்லாமல் நகரும், கம்பி வளைந்திருந்தால் அதுவே தள்ளவும் செய்யும். நீங்களாக நகவெட்டியால் வெட்டாமல் போய் ஒட்டிக்கொள்ளுங்கள், சின்ன வேலைதான். ஒட்டின பிறகு, கம்பிக்கு அடியில் பல் இடுக்கு பிரஷ்ஷை விட்டுத் தினமும் எடுங்கள், அங்கேதான் காரை சேரும். ஞானப்பல் மேல் போடும் பழிக்கு ஆதாரம் போதாது, முன்பல் கோணாமல் இருக்க மட்டும் என்று அதைப் பிடுங்க வேண்டியதில்லை. வலி, வீக்கம், சொத்தை இருந்தால் அது வேறு விஷயம், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.