கருப்பைக் கழுத்துப் பரிசோதனை: தாதி அக்காவிடம் கேளுங்கள்

ஆஸ்திரேலியாவுக்கு வந்து குடியேறிய நம் பெண்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சுருக்கமாக ஒரு விஷயம்: இங்கே 2017 டிசம்பரில் பழைய பாப் பரிசோதனை நின்றுவிட்டது. இப்போது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய, உடலுறவால் தொற்றும் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 25 முதல் 74 வயது வரை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை.

கேள்வி: அக்கா, எங்கள் ஜிபி, அதாவது குடும்ப டொக்டர், ஓர் ஆண். அவர் முன்னால் படுத்து இதைச் செய்ய என்னால் முடியவே முடியாது.

பதில்: படுக்கவே வேண்டாம் தங்கச்சி. 2022 ஜூலை 1 முதல் இந்த வயதிலுள்ள எந்தப் பெண்ணும் மாதிரியைத் தானே எடுக்கலாம். சின்னப் பஞ்சுக்குச்சி ஒன்று தருவார்கள். திரைக்குப் பின்னாலோ கழிப்பறையிலோ போய், யோனிக்குள் சில சென்ரிமீற்றர் வைத்து, அரை நிமிடம்போல மெதுவாகச் சுழற்றி எடுத்துக் கொடுத்தால் போதும். கருப்பைக் கழுத்து வரை எட்டத் தேவையில்லை. டொக்டர் எடுக்கும் மாதிரியைப் போலவே இதுவும் வைரஸைச் சரியாகக் காட்டும். நம் பெண்கள் வெட்கத்தால் வருவதில்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இப்படி ஒரு வழி இருப்பதையே பல கிளினிக்குகளில் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதனால் நீங்களே கேளுங்கள்: "நானே எடுக்கிறேன், குச்சியைத் தாருங்கள்."

ஆனால் உறவுக்குப் பிறகோ, மாதவிடாய்க்கு இடையிலோ, மாதவிடாய் நின்ற பிறகோ இரத்தம் பட்டால் குச்சியோடு நிற்க வேண்டாம். அப்போது டொக்டர் பார்த்தே ஆகவேண்டும்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் வராது. கணவர்தான் கூட வந்து கதைப்பார். அவர் முன்னால் எப்படிக் கேட்பது?

பதில்: கணவரோ மகளோ மொழிபெயர்க்கக் கூடாது. பாதி விஷயம் வாயிலேயே வராது. பதிவு செய்யும்போதே "தமிழ் உரைபெயர்ப்பாளர், பெண்" என்று மட்டும் சொல்லுங்கள். அரசின் உரைபெயர்ப்புச் சேவை 131 450 என்ற இலக்கத்தில் இருக்கிறது. டொக்டர் தொலைபேசியில் இணைத்துக்கொள்வார். மெடிகெயார் என்ற அரசின் மருத்துவக் காப்பீடு உள்ளவர்களுக்கு அதற்குச் செலவில்லை.

கேள்வி: 29 வயது, கல்யாணம் ஆகவில்லை. எனக்குத் தேவையா?

பதில்: கல்யாணத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எப்போதாவது உடலுறவு இருந்திருந்தால் தேவை. இல்லையென்றால் ஆபத்து மிகக் குறைவு, ஜிபியிடம் கதைத்து முடிவு எடுங்கள். பள்ளியில் எச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களுக்கும் பரிசோதனை வேண்டும். நீங்கள் சொல்வது அம்மாவிடம் போகாது.

கேள்வி: வைரஸ் இருக்கிறது என்று வந்துவிட்டது. புற்றுநோயா? இவர் வேறு யாரோடாவது…?

பதில்: இரண்டுமே இல்லை என்றுதான் முதலில் நினையுங்கள். எச்.பி.வி. மிகச் சாதாரணமானது. பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே போய்விடும். பல வருடம் உடம்பில் அடங்கியும் கிடக்கும், எப்போது யாரிடமிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது. இதை வைத்து வீட்டில் சண்டை வேண்டாம். வைரஸில் 16 அல்லது 18 வகை என்றால் கோல்போஸ்கோப்பிக்கு, அதாவது கருப்பைக் கழுத்தைப் பெருக்கிக் காட்டும் கருவியால் பார்க்க, அனுப்புவார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் சுமார் 70 வீதத்துக்கு அவைதான் காரணம். வேறு வகை என்றால், மாதிரியை நீங்களே எடுத்திருந்தால், கலங்களைப் பார்க்க டொக்டர் ஒரு மாதிரி எடுப்பார். புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் எடுக்கும். அதற்குள் கண்டால் தடுத்துவிடலாம். தயவுசெய்து அந்த அடுத்த சந்திப்பைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: புகலிடம் கோரி, முடிவு வரும்வரை தங்கும் பிரிட்ஜிங் வீசாவில் இருக்கிறேன், மெடிகெயார் இல்லை.

பதில்: மெல்பேர்ணில் என்றால் ஃபுட்ஸ்கிரேயில் உள்ள புகலிடம் கோருவோர் வள நிலையத்தைக் கேளுங்கள், மருத்துவ உதவி செய்கிறார்கள். வேறு இடம் என்றால் அந்த மாநிலத்தின் அகதிகள் சுகாதாரச் சேவையை விசாரியுங்கள். பரிசோதனை செய்வதால் வீசாவுக்குப் பாதிப்பு வராது.

கேள்வி: அம்மாவுக்கு 62. யாழ்ப்பாணத்தில் சுகவனிதையர் கிளினிக்கில் 45 வயதில் இந்தப் பரிசோதனையைச் செய்தவர். இனித் தேவையில்லை என்கிறார்.

பதில்: அங்கே 35, 45 வயதில் கூப்பிடுவார்கள், அதனால் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார். இங்கே 74 வரை உண்டு, மாதவிடாய் நின்ற பிறகும் தேவை. அம்மாவுக்கு மெடிகெயார் இருந்தால் பிரஷருக்குக் காட்டப் போகும் நாளிலேயே குச்சியையும் கேட்டு வாங்குங்கள், இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.