டைனோசர்களின் தலையெழுத்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆறாவது படிக்கும் என் மகன், டிராகோரெக்ஸ் என்று ஒரு டைனோசரே கிடையாது என்கிறான். அவனுடைய படப் புத்தகத்தில் இருக்கிறதே, எது சரி? (வாசகி, தேனி)

எலும்பு நிஜம்தான், பெயரில்தான் சிக்கல். அமெரிக்காவில் சுமார் 6.6 கோடி ஆண்டுகள் பழமையான பாறைகளிலிருந்து மூன்று விதமான தலைகள் கிடைத்தன. ஒன்று தட்டைத் தலை, ஓரமெல்லாம் முள். அதற்குத்தான் 2006இல் டிராகோரெக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். இன்னொன்றில் உச்சியில் சின்னப் புடைப்பு, பின்னால் நீள நீளமான முட்கள், அதற்கு 1983இல் ஸ்டிகிமோலோக் என்று பெயரிட்டார்கள். மூன்றாவது பாக்கிசெஃபலோசாரஸ். அதன் உச்சந்தலை எலும்பு ஒரு சாண் கனத்துக்கு வழவழவென்று மேடாக இருக்கும், முள்ளெல்லாம் மழுங்கிக் குமிழாகிப் போயிருக்கும்.

2009இல் தொல்லுயிர் ஆய்வாளர்கள் ஜாக் ஹார்னரும் மார்க் குட்வினும் இந்த மண்டையோடுகளையும் எலும்பின் உள்ளமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, இவை மூன்று விலங்குகள் இல்லை, ஒரே விலங்கின் குட்டி, இளவட்டம், முதிர்ந்தது என்றார்கள். வயதாக ஆக மேடு உயர்கிறது, முள் தேய்கிறது. எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை, ஆனால் எனக்கு இது சரியாகவே படுகிறது. ஆட்டுக்குட்டியையும் கொம்பு சுருண்ட கிடாயையும் அதற்கு முன் பார்த்தே இராத ஒருவர் கையில் இரண்டு மண்டையோட்டையும் கொடுத்தால் இரண்டும் ஒன்று என்று உடனே சொல்வாரா?

ஆனால் சின்னதெல்லாம் குட்டி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. நானோடிரானஸ் என்ற சிறிய வேட்டை டைனோசரைப் பல வருடங்களாக டி.ரெக்ஸின் குட்டி என்றே பலர் சொல்லிவந்தார்கள். வட கரோலினா அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓர் எலும்புக்கூட்டை ஆராய்ந்த லிண்ட்சே ஜானோவும் ஜேம்ஸ் நாப்போலியும் 2025இல் வெளியிட்ட கட்டுரையில், இது ஏறக்குறைய வளர்ந்து முடிந்த, தனி விலங்கு என்று காட்டினார்கள். அதனால் பையனின் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம், அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லாகிப்போன மண்டையை வைத்து வயது எப்படிச் சொல்கிறார்கள்? (வாசகர், திருச்சி)

கைக்குழந்தையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், மெத்தென்று இருக்கும். மண்டை எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று சேரவில்லை என்று அர்த்தம். டைனோசரிலும் அதே கணக்குத்தான்: எலும்புகளுக்கு நடுவே தையல்போல ஓடும் கோடு திறந்திருந்தால் இளசு, மூடி மறைந்திருந்தால் முதிர்ந்தது. வேகமாக வளரும் எலும்பில் ரத்தக் குழாய்கள் ஓடிய துளைகள் நிறைய இருக்கும். கால் எலும்பை மெல்லிசாக அறுத்துப் பார்த்தால் மரத்தில் தெரிகிற மாதிரி வருட வளையங்களே தெரியும்.

இதில் என் மனசைத் தொட்டது மூன்று கொம்பு டைனோசரான ட்ரைசெராடாப்ஸின் ஒரு குட்டி. அமெரிக்காவின் மொன்டானாவில் 1997இல் கிடைத்த அதன் தலை மொத்தமே 30 சென்டிமீட்டர், பள்ளிக்கூட ஸ்கேல் அளவு. வயது ஒன்று இருக்கலாம். கண்ணுக்கு மேலே கொம்பு சுண்டுவிரல் நுனி மாதிரி மூன்றரை சென்டிமீட்டர். வளர்ந்த பிறகு இதே கொம்பு ஒரு மீட்டர் வரை போகும், அதுவும் நேராகப் போகாது, இளம் வயதில் பின்பக்கமாக வளைந்து, அப்புறம் நிமிர்ந்து, கடைசியில் முன்னோக்கித் திரும்பும். கொம்பின் வளைவைப் பார்த்தே கூட்டத்தில் எது சின்னது, எது பெரியது என்று மற்றவற்றுக்குத் தெரிந்திருக்கும். பால்குடி வயது மாதிரியான பருவத்திலேயே கொம்பும் கழுத்துக் கேடயமும் முளைத்துவிட்டன என்றால், அவை ஜோடி தேட மட்டும் என்று சொல்ல முடியாது, இல்லையா?

கேள்வி: அந்த மேட்டுத் தலைகள் நிஜமாகவே முட்டிக்கொண்டனவா? (வாசகர், மதுரை)

மதுரைக்காரருக்குக் கிடாமுட்டு தெரியாமலா இருக்கும்! 2013இல் பாக்கிசெஃபலோசாரஸ் வகை டைனோசர்களின் 109 தலைமேடுகளை எடுத்துப் பார்த்ததில் 22 சதவீதத்தில் அடிபட்டுப் புண்ணாகி எலும்பு அரித்த குழிகள் இருந்தன. குழிகள் பெரும்பாலும் மேட்டின் உச்சியை ஒட்டியே இருந்தன, தட்டைத் தலைகளில் இல்லவே இல்லை. முட்டிக்கொண்டன என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: டி.ரெக்ஸ் தன் இனத்தையே கடிக்குமா? (வாசகி, கோவை)

கடிக்கும், அதுவும் முகத்தில். டி.ரெக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த 202 மாதிரிகளின் மண்டை, தாடை எலும்புகளில் மொத்தம் 324 தழும்புகளைக் கனடா ஆய்வாளர்கள் எண்ணினார்கள். செத்த உடம்பில் எலும்பு ஆறாது, இவை ஆறியிருக்கின்றன, அதாவது கடி வாங்கியது பிழைத்து நடமாடியிருக்கிறது. குட்டிகளின் முகத்தில் தழும்பே இல்லை, பாதி வளர்ந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. இரைக்காகக் கடித்திருந்தால் குட்டியைத்தானே முதலில் கடித்திருக்கும்? பருவத்துக்கு வந்தவை இடத்துக்கோ ஜோடிக்கோ மல்லுக்கு நின்று, ஒன்றின் மூஞ்சியை இன்னொன்று கவ்வியிருக்கின்றன. இன்றைக்கு முதலைகளும் அப்படித்தான் செய்கின்றன.

கேள்வி: டைனோசரின் குரல் எப்படி இருந்திருக்கும்? (வாசகர், கும்பகோணம்)

தலையில் நீளக் கொண்டை வைத்த பாராசாரோலோஃபஸ் என்ற டைனோசர் விஷயத்தில் ஓரளவு சொல்லலாம். அதன் கொண்டைக்குள் மூச்சுக் குழல் மேலே போய் மடங்கித் திரும்பி வருகிறது. திமிரி நாகஸ்வரத்துக்கும் பாரி நாகஸ்வரத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் ஊரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: குழல் நீண்டால் ஒலி தாழும். பெரியவை அடிக்குரலில் முழங்கியிருக்கும், குட்டிக்குக் குழல் குட்டை என்பதால் குரல் மேல் ஸ்தாயியில் இருந்திருக்கும். 2009இல் யூட்டாவில் ஒரு பள்ளி மாணவர் கண்டெடுத்த குட்டிக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை, அதன் நெற்றியில் கொண்டை ஒரு சின்ன மேடாக மட்டும் தெரிகிறது. அதன் உறவுக்கார இனங்களில் பாதி வளர்ந்த பிறகுதான் கொண்டை எட்டிப் பார்க்கும். அவ்வளவு நீளக் குழலை வளர்த்தெடுக்க இது சீக்கிரமே ஆரம்பிக்க வேண்டியிருந்திருக்கிறது.