தாலுகா நாலா, ஆறா? ப்ராஜெக்ட் எழுதுவோர் கேட்ட கேள்விகள்

கடைசி செமஸ்டர் வந்துவிட்டால் நம் குமரி மாவட்ட ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் பைண்டிங் மெஷினுக்கு ஓய்வே கிடையாது. ரிப்போர்ட் அங்கே போய்ச் சேருமுன் வந்த சில கேள்விகள் இவை.

கேள்வி (குளச்சல்): "குமரி மாவட்ட மீனவர்களின் பொருளாதார நிலை" என்று தலைப்பு வைத்தேன் சார். "ரொம்பப் பெரிசு" என்று கைடு திருப்பித் தந்துவிட்டார்.

கைடு சொன்னது சரி. இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு. "மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது சின்னமுட்டத்துக்குத்தான் பொருந்தும். கிழக்குக் கடற்கரைக் கணக்கு. முட்டமும் குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் மேற்குக் கடற்கரைக் கணக்கில் வருகின்றன. அங்கே விசைப்படகுகளுக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே கடைசியில் கேள்வித்தாளோடு போனால் ஓர் ஊரில் விசைப்படகு கரையில் நிற்கும், இன்னோர் ஊரில் கடலில் இருக்கும். இரண்டு ஊர் வருமானத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தீர்களானால், அந்தத் தொகை எந்த வீட்டு அடுப்பிலும் எரியாத தொகை!

உங்கள் ஊரோடு நிறுத்துங்கள். "குளச்சல் விசைப்படகுத் தொழிலாளர்கள் தடைக்கால இரண்டு மாதத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள்?" முப்பது, நாற்பது பேரிடம் உட்கார்ந்து பேசினால் நல்ல ரிப்போர்ட் வந்துவிடும். வள்ளக்காரர்களை, அதாவது நாட்டுப்படகில் போகிறவர்களை, சேர்க்கிறீர்களா இல்லையா என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லுங்கள். கரையில் அவர்கள் 'வள்ளம்' என்றதை வீட்டில் வந்து 'படகு' என்று திருத்தவும் வேண்டாம்.

கேள்வி (மார்த்தாண்டம்): சீனியர் அக்கா தன் ரிப்போர்ட்டைத் தந்து, "மாத்தி எழுதிக்கோ" என்றார். அவரே சம்மதித்தபின் தப்பா?

தப்புதான். "இது என் சொந்த முயற்சி" என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள், அக்கா இல்லை. மாட்டிக்கொள்வதும் எளிது. "மாவட்டத்தில் நான்கு தாலுகாக்கள்" என்று இருக்கும். கிள்ளியூரும் திருவட்டாறும் சேர்ந்து இப்போது ஆறு. "நாகர்கோவில் நகராட்சி" என்று இருக்கும். 2019 முதல் அது மாநகராட்சி. "தற்போதைய மக்கள்தொகை 18,70,374" என்று இருக்கும். அது 2011 கணக்கெடுப்பு. ஆண்டைப் போட்டால் சரி, 'தற்போதைய' என்றால் தவறு. இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் கண்டால் நான் மேலே படிப்பதில்லை, எழுந்து பழைய ரிப்போர்ட் அலமாரிக்குப் போய்விடுவேன்.

அக்கா கேட்காமல் விட்ட கேள்வி எது என்று பார்க்க அந்த ரிப்போர்ட் உதவும். அவர் எண்களை எடுத்தால் அவர் பெயரையும் ஆண்டையும் போடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில், முதுகலை): மென்பொருள் காட்டும் ஒற்றுமை பத்து சதவீதத்துக்குள் வந்தால் காப்பி இல்லைதானே?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதற்கும் மேலே பதிவே ரத்து. ஆனால் மென்பொருளுக்குத் தெரிந்தது சொல் ஒற்றுமை மட்டும்தான். பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றாமலே ஏற்றிவிட்டு "பூஜ்யம் சார்!" என்று துள்ளி வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். மெஷின் கண்ணுக்கு அது தமிழாகவே தெரியவில்லை.

கேள்வி (விளவங்கோடு, வரலாறு): தாத்தாவின் பத்திரத்தில் 1132 துலாம் என்று இருக்கிறது. 825 கூட்டி 1957 என்று எழுதினேன். கைடு சுழித்துவிட்டார்.

அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. சிங்க மாதத்தில், நம் ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. அதிலிருந்து டிசம்பர் வரை 824 கூட்ட வேண்டும். ஜனவரி முதல்தான் 825. துலாம் நம் ஐப்பசி, ஆகவே உங்கள் பத்திரம் 1956. தேதியையும் பாருங்கள். அந்தத் துலாமின் நடுவில்தான், நவம்பர் 1 அன்று, இந்தப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தது. மாத முற்பாதிப் பத்திரம் என்றால் திருவிதாங்கூர்-கொச்சி, பிற்பாதி என்றால் சென்னை மாநிலம்.

கேள்வி (தக்கலை): ஒற்றுப்பிழை போகவே மாட்டேன் என்கிறதே?

"வரலாற்று சிறப்பு" என்று எழுதிவிட்டுச் சத்தமாக வாசியுங்கள். நடுவில் நாக்கே ஒரு 'ச்' போட்டுவிடும். நன்றியுரையில் கைடின் பெயரை மட்டும் மூன்று தடவை சரிபாருங்கள். அதில் பிழை விட்டவர்களை நாங்கள் மறப்பதில்லை.